தங்கை வாசித்த மூன்றாம் வரி

எண்பதுகளின் கடைசியில் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு வேலை. முட்டைக் கடை விளம்பரம், கோயில் திருவிழாப் பாட்டு, கட்சிப் பாட்டு, எது வந்தாலும் கீபோர்டில் வாசித்து சீக்வென்சரில் ஏற்றுவேன். வாசித்த சுரங்களை நினைவில் வைத்துத் திரும்ப வாசிக்கும் பெட்டி அது. விரல் முந்தினாலும் பிந்தினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒவ்வொரு சுரத்தையும் இழுத்துவந்து தாளக்கட்டுக்குள் சரியாக உட்காரவைத்துவிடும். குவாண்டைஸ் என்போம். அதைக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் வாசித்தாலும் குற்றம் கண்டுபிடித்தேன்.

தங்கைக்கு நாமக்கல்லில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா பாடிய ஒரு தாலாட்டு மெட்டை அவள் ஆர்மோனியத்தில் வாசிப்பாள். மூன்றாம் வரி தொடங்கும்போது எப்போதும் ஒரு கணம் நிற்பாள். இடது கை துருத்தியை அமுக்கி, காற்று நிரம்பக் காத்திருந்த பழக்கம். அடுப்படியில் இருக்கும் அம்மாவும் அந்த இடத்தில் கரண்டியை நிறுத்துவாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தங்கையைக் கூடத்துக்கு அழைத்துவந்து வாசிக்கச் சொன்னேன். கீபோர்டில் துருத்தி ஏது? இருந்தும் அவள் இடது கை காற்றில் அசைந்தது. மூன்றாம் வரியில் நின்றுதான் போனாள். அவள் கிளம்பியதும் பொத்தானை அழுத்தினேன். திருத்தியதைப் பிளாப்பித் தட்டில் பழையதன் மேலேயே பதிந்தேன். வீட்டுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று இரண்டு கேசட் எடுத்தேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

வீட்டில் போட்டுக் காட்டியபோது அம்மா சொன்னாள்: “இது பாப்பா வாசிச்சதில்ல சாமி. அவ அந்த எடத்துல நிப்பாளே.”

“அது தப்பும்மா. சரி பண்ணிட்டேன்.”

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அந்தக் கேசட்டை மறுபடி போடச் சொல்லவே இல்லை.

இரண்டு வருடத்தில் அம்மா போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. பந்தல் போட்டார்கள், பிரித்தார்கள். யாரோ சோறு போட்டார்கள், தின்றேன். ஒன்றே ஒன்றுதான் வேண்டும்போல இருந்தது. அந்த மூன்றாம் வரி நிற்பதைக் கேட்கவேண்டும். பிளாப்பியில் அது இல்லை. அழித்த மடையனே நான்தானே!

கருமாதி முடிந்த மறுநாள் தங்கையைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். குவாண்டைஸை அணைத்துவைத்தேன்.

“எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசி பாப்பா. தப்பு வந்தா வரட்டும்.”

வாசித்தாள். இடது கை மடியில் கிடந்தது. மூன்றாம் வரி இம்மி பிசகாமல் தாளத்தில் வந்து விழுந்தது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அப்படியே.

“ஏன் பாப்பா, மூணாவது வரியில நிப்பியே?”

“நின்னுக்கிட்டுத்தானுங்கண்ணா இருந்தேன். நீங்க குடுத்த கேசட்டப் போட்டு, மத்தியானம் மத்தியானம் அதுகூடவே ஆர்மோனியத்துல வாசிச்சுப் பழகினேன். இப்பத்தான் சரியா வருதுங்க.”

அழுது வீங்கியிருந்த முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. எனக்குப் பதிவை நிறுத்தத் தோன்றவில்லை, பெட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருக்கும், இல்லீங்களாண்ணா?”

“ஆமா பாப்பா” என்றேன்.