மஞ்சள் தடவிப் போன முப்பத்தோரு நோட்டீஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தேன். பாதி வெட்கம், பாதி வீட்டுக்காரர். அவர் வக்கீல். "வாயால சொன்னா பேச்சு, எழுதிக் கொடுத்தா ஆதாரம்" என்பார். பால்காரருக்கு ஒரு சீட்டு எழுதி வைக்கக்கூட விடமாட்டார். நான் எட்டாவது வரை ஆம்பூர்ப் பக்கம் தமிழில் படித்து, கல்யாணமாகிப் புனே பக்கம் நிக்டிக்கு வந்தவள். இங்கிலீஷ், மராத்தி எல்லாம் காதால் புரியும், கண்ணால் புரியாது. முருகன் சாட்சியாக நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அவரை எதற்கு இழுக்கிறேன் என்றால், அன்றைக்கு அவரும் அலமாரியில் வேலோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

வீட்டுக்காரர் காலேஜில் பாடம் சொல்லப் போனதே தற்செயல். கூட வேலை பார்த்த வக்கீலுக்கு டைபாய்டு வந்தது, ரெண்டு வாரம் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இவர் போனார். அந்த வக்கீலுக்குக் காய்ச்சல் விட்டு, அவர் மகளுக்குக் கல்யாணமாகி, பேரனும் பிறந்தாயிற்று. போனவர் இன்னும் திரும்பவில்லை. கோர்ட்டில் காலையிலிருந்து நின்றால் சாயங்காலம் "அடுத்த தேதி" என்று ஒரு வார்த்தை கிடைக்கும். வகுப்பில் ஒன்றரை மணி நேரம் இவர் பேசுவார், யாரும் தேதி கேட்க மாட்டார்கள். அந்த ருசி கண்டவரைப் பிடித்து வைக்க முடியுமா?

முதலில் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் அதே காலேஜில் வக்கீல் உதவியாளர்களுக்கு ஒரு வருஷப் படிப்பு ஆரம்பித்தார்கள். பாராலீகல் என்று பேர். மனு எழுதுவது, கட்டுக் கட்டுவது, பக்கத்துக்கு நம்பர் போடுவது, எந்த ஜன்னலில் எந்தக் காகிதம் என்று தெரிந்துகொள்வது. "அப்போ மீதி இருக்கிறது கறுப்புக் கோட்டு மட்டும்தானே?" என்று கேட்டேன். கோட்டை உதறி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த வகுப்புதான் அவர் உயிர். சிஞ்ச்வட்டில் லேத் ஓட்டி ரிட்டயரான பெரியவர், ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து கம்பெனி காரில் நேராக வந்து இறங்குகிற பெண், நாலைந்து குமாஸ்தாக்கள், வீட்டுவேலை முடித்து வருகிற பெண்கள் என்று எல்லா வயசிலும் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் என்னைக் காக்கூ என்பார்கள். சித்தி மாதிரி.

மற்ற வாத்தியார்கள் திரையில் படம் போட்டு நடத்துவார்கள். இவர் அதெல்லாம் செய்ய மாட்டார். நோட்டீஸ் எழுதச் சொல்லிக் கொடுத்தால், நிஜமான குறையை, நிஜமான ஆளுக்கு, நிஜமான விலாசத்தில் எழுத வேண்டும். கவரில் நிஜ ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். தபாலில் மட்டும் போடக்கூடாது. வாயை ஒட்டாமல் இவரிடம் கொடுத்தால் திருத்தித் தருவார்.

அந்த வருஷம் முப்பத்தோரு கவர் வந்தது. மேஜை முழுக்கக் கேஸ் கட்டு. அதனால் சாமி அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடிவிட்டார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் தம்பி கல்யாணப் பத்திரிகைகளைத் தபாலில் போடச் சொல்லி இவரிடம் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து பதினைந்தாம் நாள் அவர் பையிலேயே கிடைத்தன. அதனால் விலாசமும் ஸ்டாம்புமாக ஒரு கட்டைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றும்? மனுஷன் மறுபடியும் மறந்துட்டார். ஒட்டக்கூட மறந்துட்டார்!

ஒவ்வொன்றாக எடுத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். சாமி பக்கத்தில் வைத்த கவர் ஆச்சே என்று ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவினேன். அன்றைக்குக் கிருத்திகை. கோயிலுக்குப் போகிற வழியில் சிவப்புப் பெட்டியில் அத்தனையும் போட்டுவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றினேன்.

சாயங்காலம் கட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவராவது கேட்பதாவது!

நாலாம் நாள் தபால்காரர் எங்கள் வீட்டுக்கே ஒரு கவர் கொடுத்தார். ஹிஞ்சேவாடிப் பெண் இவருக்கே எழுதிய நோட்டீஸ். சத்தமாக வாசித்தார். தினமும் வகுப்பை அரைமணி இழுக்கிறீர்கள், எனக்குப் பஸ் போய்விடுகிறது, பதினைந்து நாளுக்குள் நேரத்துக்கு முடிக்காவிட்டால் மேல்நடவடிக்கை.

"அடடா, பாரு, எவ்ளோ சுத்தமா எழுதியிருக்கா!" என்று பூரித்துப் போனார். அப்புறம்தான் முகம் மாறியது. "இது எப்படித் தபால்ல வந்துச்சு?"

என் கண் கவர் மூலையில் இருந்த மஞ்சளுக்குப் போனது. அவரும் மஞ்சளைப் பார்த்தார். "தபாலாபீஸ்ல எவனோ வடாபாவ் தின்ன கையோட தொட்டிருக்கான்" என்றார். எதிர்ச் சாட்சியைக் கேள்வி கேட்டே வேர்க்க வைக்கிறவர், சொந்தப் பெண்டாட்டி விரலைக் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குள் போன் வந்துவிட்டது. லேத் பெரியவர் குடியிருக்கிற அபார்ட்மெண்ட் சொசைட்டி சேர்மன், நோட்டீஸோடு பெரியவர் வாசலில் நின்று கத்துகிறாராம். ஒருத்தி மாமியாருக்கு எழுதியிருந்தாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. கடைசியாகக் காலேஜ் பிரின்ஸிபால் மேடம் கூப்பிட்டார். பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அவருக்கே ஒரு நோட்டீஸ்.

மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். போட்டது யார் என்று திங்கட்கிழமைக்குள் தெரிய வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் இந்தப் படிப்பே கிடையாது.

"யார்னு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். என் பிள்ளைங்களைக் காட்டிக் கொடுத்துட்டு நான் என்ன சட்டம் நடத்துறது?" என்றார் என்னிடம். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார். ரெண்டு நாள் இப்படி. நான் வாயைத் திறக்கவில்லை. முருகனிடம் மட்டும் சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொடுப்பதற்காகப் பழைய பேப்பரில் அட்டை போட்டுக்கொண்டிருந்தார். கோர்ட்டில் தோற்று வந்த நாளில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை அவர் செருப்பு மாட்டும்போது சொன்னேன்.

"ஏங்க, நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"சாட்சி சொல்றதுக்கு. போட்டது நான்தான்."

செருப்பு ஸ்டாண்டு மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வாயை ஒட்டினது?"

"சோறு."

"மஞ்சள்?"

"நல்லது நடக்கட்டும்னு."

"முப்பத்தொண்ணுமா?"

"எண்ணி வெச்சது நீங்கதான்."

திட்டுவார் என்று நின்றேன். "பட்டுப்புடவை கட்டாத, சாட்சிக்குக் காட்டன்தான் சரி" என்றார்.

மேடம் அறையில் நான் ஹிந்தியில் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தேன். அதற்குள் இவருக்குப் பழக்கதோஷம், எழுந்து நின்றுவிட்டார்.

"கவருக்குள்ள என்ன இருக்குன்னு படிச்சீங்களா?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இதே மாதிரி வீட்ல ஒரு நாள் பேசிப் பாருங்க."

மேடம் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். "வஹினி, உட்காருங்க" என்றார். அண்ணி என்று அர்த்தம். "மஞ்சளைப் பார்த்து யாரோ கல்யாணத்துக்குக் கூப்பிடறாங்கன்னு சந்தோஷமா பிரிச்சேன்" என்று கவரைக் காட்டினார். அப்புறம் இவர் பக்கம் திரும்பினார். "சரி சார், படிப்பு நடக்கட்டும். ஆனா இனிமே ஸ்டாம்ப் வேண்டாம், நிஜ விலாசமும் வேண்டாம்."

அத்தோடு கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? இவர், "அப்படின்னா என்னால நடத்த முடியாது மேடம்" என்றார். எனக்கு மேஜைக்கடியில் காலை மிதிக்கலாம் போல இருந்தது. "ஸ்டாம்ப் ஒட்டினாத்தான் கை நடுங்கும். நடுங்கினாத்தான் பொய் எழுத மாட்டாங்க. உங்களுக்கு வந்ததுல ஒரு பொய் இருந்தா காட்டுங்க, நான் இப்பவே போயிடறேன்."

மேடம் அந்த நோட்டீஸை மறுபடி பிரித்து, கண்ணாடி போட்டு, கடைசிவரை படித்தார். மணியடித்துப் பியூனைக் கூப்பிட்டார்.

"கார்ப்பெண்டர் எங்கே?"

அப்புறம் ஃபைலில் எழுதினார். படிப்பு தொடரும், ஸ்டாம்பும் தொடரும். கவர்கள் மட்டும் மேடத்தின் பீரோவில் இருக்கும், அங்கேயே உட்கார்ந்துதான் திருத்த வேண்டும், வாத்தியார் வீட்டுக்கு ஒன்றுகூடப் போகக்கூடாது. இவர் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நானும் தமிழில் போட்டேன்.

படிப்பு இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் இந்தக் கதையை வளர்த்துவிடுகிறார்கள். காக்கூ நியாயத்துக்காக வேண்டுமென்றே போட்டார் என்கிறார்கள். சாமி கனவில் வந்து போடச் சொன்னதாக ஒரு குமாஸ்தா சத்தியம் செய்கிறாராம். அதெல்லாம் இல்லை. படிக்கத் தெரியாமல் போட்டேன், பயந்து மறைத்தேன், அவர் சாப்பிடாததால் சொன்னேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், எழுதியபடியே சொல்லுங்கள். என்னை வீராங்கனை ஆக்க வேண்டாம். கையில் கிடைத்த வேலையை, ஒரு ஸ்டாம்புக்காக வேண்டாம் என்று அவர் சொன்னாரே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.