புல்லை விட்டுவைக்கப் பணம்

புனே பக்கம் ஆகுர்டியில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் தரச்சோதனை பார்த்தேன். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. குறை தெரியாவிட்டால் இரண்டாம் முறை அளப்பேன். வீட்டில் தோசையைப் பார்ப்பதும் அந்தக் கண்ணால்தான் என்பாள் என் மனைவி.

தொண்ணூறுகளின் கடைசியில், என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தளேகாவுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காரர். எங்கள் கம்பெனியும் ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து அவர்கள் ஊர் மலைச்சரிவைக் காக்கப் போகிறார்களாம். நிலம் உடையவர்களிடமே இருக்கும். உழாமல், மரம் வெட்டாமல், கோடையில் புல்லுக்குத் தீ வைக்காமல் விட்டால் வருடாவருடம் பணம். நண்பரின் நிலத்துண்டு சரிவுக்கு நடுவில் இருந்தது. அதிலிருந்த ஊற்றுதான் அவர் கிணற்றுக்கு ஆதாரம்.

"அண்ணா, ஜரா பகா" என்று என்னைப் பார்க்கச் சொல்லி நீட்டினார்.

சும்மா கிடக்கிற புல்லுக்கு எவன் பணம் தருவான்? பின்பக்க ஓடையில் பெயிண்ட் கழிவை விடுகிற கம்பெனிக்குத் திடீரென்று மலை மேல் என்ன பாசம்? சிவப்புப் பென்சிலால் மூன்று இடத்தில் கோடு போட்டேன். வேலி போடலாம் என்ற வரிக்கு இரண்டு கோடு. இன்று வேலி, நாளை பங்களா என்றேன்.

"அவிய நெலத்துக்கு நீங்க எதுக்கு நடுவுல போய் நிக்கிய? ஒரு வக்கீல்ட்ட காட்டச் சொல்லுங்க" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

நண்பர் கையெழுத்துப் போடவில்லை. நடுத்துண்டு விட்டுப்போனால் தீ அதன் வழியே பரவிவிடும் என்று சங்கத்துக்காரர்கள் இரண்டு முறை வந்து கெஞ்சினார்கள். பிறகு வேறு மலைக்குப் போய்விட்டார்கள். பார்த்தீர்களா, சாயம் வெளுத்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சில வருடங்களில் ஏஜெண்டுகள் வந்தார்கள். அக்கம்பக்கத்தார் விற்றார்கள். ஜேசிபி சரிவைக் குடைந்தது. பங்களாக்கள் எழும்பின, ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்வெல். தன் துண்டை விற்காத நண்பரின் ஊற்று வற்றிப்போனது.

கம்பெனி எடுத்துக்கொண்ட அந்த வேறு மலைக்கு ஓர் ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பார்க்க என்ன, குறை பிடிக்கத்தான். இடுப்பளவு புல் நின்றது. வேலிக்குள் பங்களா இல்லை. ஊர்ப் பெண்கள் புல் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓடையில் தண்ணீர். எங்கோ சூது இருக்கும் என்று சாயங்காலம் வரை சுற்றினேன், கால்தான் வலித்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நண்பரின் ஊற்றும் ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

நான் ஓய்வு பெற்ற வாரம் நண்பர் பேடா வாங்கிக்கொண்டு வந்தார். இப்போது குடிக்கக்கூட டேங்கர் தண்ணீர்தான் என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "வஹினி, அன்னிக்கு அண்ணா தடுக்கலேன்னா நிலத்தையே கம்பெனி முழுங்கியிருக்கும்" என்று மராத்தியில் சொன்னார்.

மனைவி என்னையே பார்த்தாள். பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினேன்.