வாலு போச்சு

கூட்டத்துக்கு ரயில்வே எஞ்சினீயர் வந்திருந்தார், வார்டு மெம்பர் வந்திருந்தார், ஊர்க்காரர் பத்திருபது பேரும் நானும் இருந்தோம். வராதவள் என் அம்மை. தண்டவாளத்தில் அவளுக்குக் கால் போன பிறகுதான் இந்தக் கூட்டமே. எஞ்சினீயர் கோப்பைப் புரட்டிவிட்டு மலையாளத்தில் ஒரே வார்த்தை சொன்னார். "அஸ்ரத்த." கவனக்குறைவாம்.

பின்வரிசையில் யாரோ மத்தியானம் நெத்திலி தின்றுவிட்டு வந்திருந்தார்கள். நெத்திலி வாசம் வந்தால் எனக்கு ரயில் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். பொழியூர் கடப்புறத்தில் மீன் எடுத்து, முதல் பஸ்ஸில் உதியன்குளங்கரை வந்து, தலையில் கூடையோடு அம்மை ரயில்வே கேட்டில் நிற்பாள். நான் வெள்ளைச் சட்டையில் நாலடி தள்ளி நிற்பேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன், சட்டையில் மீன் மணக்கலாமா!

கேட்காரர் சுகுமாரன் மாமன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போடுவார்.

"அக்கா, வாலு போட்டும், பொறவு வா."

"மீனுக்க வாலு பாத்து வெல சொல்லுதவ நான். வண்டிக்க வாலு எனக்குத் தெரியாதாலே?"

கடைசிப் பெட்டிதான் வால். அது தாண்டியதும் மாமன் "வாலு போச்சு" என்பார். உடனே நடக்கலாம், ஆட்டோவும் ஓடலாம். ஒற்றைப் பாதை. ஒரு வண்டி போனால் அடுத்தது வர நேரம் கிடக்கும். மாமன் இல்லாத நேரத்தில் ஊரே அதைச் சொல்லும், குஞ்சுகுளுவான் வரை.

பிறகு இரண்டாவது பாதை போட்டார்கள். கேட்டை எடுத்தார்கள், மாமனை வேறெங்கோ மாற்றினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை தந்தார்கள். ஒரு மழை பெய்தால் அதில் இடுப்பளவு வெள்ளம். ஆட்டோக்காரன் திரும்பிப் போவான், பைக்கில் வருகிறவன் உள்ளே போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். நடக்கிறவர்களுக்குப் பழைய வழிதான். இனி இரண்டு வால் உண்டு என்று ஊருக்குச் சொல்ல ஒரு ஆளும் வரவில்லை. மூன்று மொழியில் பலகை மட்டும் வைத்தார்கள். அம்மைக்கு மூன்றும் வாசிக்கத் தெரியாது.

அன்றைக்கும் மழை. அவள் நின்றாள். திருவனந்தபுரம் போகிற வண்டி முழுவதும் போகிறவரை நின்றாள். வால் போனதும் இறங்கினாள். எதிர்த்திசை வண்டியின் சத்தம், போகிற வண்டியின் சத்தத்துக்குள்ளே கிடந்திருக்கிறது.

"நான் நின்னேன்ல்லா மக்கா," என்றாள் ஆஸ்பத்திரியில். "வாலு போனப்பொறவு ஆக்கும் எறங்கினேன்."

இதற்குப் பெயர் அஸ்ரத்தையா? நின்றவளுக்கா அஸ்ரத்தை?

நான் எழுந்தேன். "சார், ரெண்டாவது வண்டி வந்தா அடிக்க ஒரு மணி வேணும். அடியில கெடக்க வெள்ளத்த எறைக்க ஒரு மோட்டார் வேணும். வேற ஒண்ணும் கேக்கல்ல."

"நல்ல செலவு வருமே, தம்பி," என்றார் எஞ்சினீயர்.

மாமனின் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது ஜல்லி குவிந்து கிடக்கிறது. அங்கே குரல் கொடுக்க ஆள் இல்லை. செலவை நான் கூட்டிச் சொன்னேன்: அம்மையின் வலது கால், முட்டுக்குக் கீழே முழுவதும். அவள் மீன் கொண்டு நடந்த அத்தனை வீடுகளும்.