மாமனார் விட்டுப்போன ரிவால்வர்

என் வீட்டுக்காரர் அய்யாதுரைக்கு அவருடைய அப்பா விட்டுப்போனது ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனி, பீரோவில் ஒரு ரிவால்வர். கம்பெனியை மேனேஜர் பார்த்துக்கொள்கிறார். ரிவால்வரை இவர் பார்த்துக்கொள்கிறார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, என் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே, "எங்க வீட்டுல லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு" என்று சொன்ன மனிதர். அதை வைத்து ஒரு காக்காயைக்கூட விரட்டியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் இடுப்பில் சட்டை புடைத்துக்கொண்டு தெரிய வேண்டும், அம்புட்டுத்தான்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இந்தத் தடவை அதை வாங்கி வைத்தவள் ஹெப்சிபா என்கிற புதுக் கான்ஸ்டபிள். எங்கள் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிற இன்பத்தின் மகள்.

"அண்ணாச்சி, முன்னால வந்தவுக இருக்காக. செத்த நேரம் பெஞ்சுல உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "திரி வைக்கிறவ மக என்னைய பெஞ்சுல உக்கார வைக்கிறா" என்று விடிய விடியப் புலம்பினார்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. கூட்டாளிகளுக்கு முன்னால் குண்டு போடுகிற உருளையைச் சுற்றிக்காட்டப் போனார். அசையவில்லை. விசையை இழுத்தும் அசையவில்லை. மறுநாளே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார், ஹெப்சிபா கவனமில்லாமல் வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று.

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புகார் உறுதியானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இன்பம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உறையோட வாங்கி உறையோட வச்சாளாம். தொட்டுக்கூடப் பாக்கலையாம்" என்று அழுதாள். இவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

என்ன பழுது என்று பார்த்துவிட்டு வரும்படி இன்ஸ்பெக்டர் சொன்னார். விருதுநகரில் லைசென்ஸோடு துப்பாக்கி பழுது பார்க்கிற சாலமன்ராஜிடம் போனோம். அவர் லைட் அடித்து, குண்டு இல்லை என்று பார்த்த பிறகு, பக்கத் தகட்டைக் கழற்றினார். குப்பென்று காறிப்போன தேங்காய் எண்ணெய் வாடை. குச்சியால் சுரண்டச் சுரண்ட மஞ்சளும் சிவப்புமாகக் கட்டிகள் உதிர்ந்தன. நடுவே கறுத்துப்போன ஒரு பூவிதழ்.

"சந்தனமும் குங்குமமும் அண்ணாச்சி. உருளை சுத்த இடமே இல்ல. இது வருசக்கணக்கா ஏறினது."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை இவர்தான் சந்தனம் குழைத்துப் பூசி, பொட்டு வைத்து, எண்ணெயும் விடுவார். என்னைத் தொடக்கூட விட மாட்டார். இப்போது முகம் கொஞ்சமும் மாறாமல் சொன்னார்: "ஸ்டேஷன்ல வச்சு அவதான் பூசியிருப்பா."

"அது வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போறவ. உங்க துப்பாக்கிக்குப் பொட்டு வச்சுக் கும்பிட்டாளாக்கும்?"

"நீ வாய மூடு. தம்பி, சுத்தமாத் துடைச்சுக் குடுத்துருங்க. தண்ணி எறங்கிக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிடுதேன்."

எண்ணெய் வாடையைவிட அந்தப் பேச்சுதான் நாறியது. இந்த மனிதனோடா இத்தனை வருசம் குடும்பம் நடத்தினோம் என்று இருந்தது. மேசையில் உதிர்ந்து கிடந்ததைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் தண்ணீர்க் கதையைக் கூசாமல் சொன்னார். ஹெப்சிபா சுவரோரம் விறைப்பாக நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, போன வருசம் ஆயுத பூசைக்கு இதுக்குச் சந்தனம் வைக்க மறந்துட்டீகளோ?" என்று கேட்டேன்.

அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "மறக்கதா? எங்கப்பா காலத்துலருந்து ஒரு வருசம் விட்டதில்ல. உருளை இடுக்குலகூட ஒரு இடம் விடாமப் பூசுவேன் சார்!"

நான் பொட்டலத்தை மேசையில் பிரித்தேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, புகார வாபஸ் வாங்கிக்கிடுங்க" என்றார்.

ஹெப்சிபா சிரிக்கவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். இவர் ஆத்திரத்தில் பொட்டலத்தைத் தட்டிவிட, எல்லாம் அவளுடைய காலடியில் சிந்தியது.

உடனே பதறிப்போனார். "கால எடு, கால எடு! சாமிக்கு வச்சது!"

அவள் ஒதுங்கினாள். அவள் நின்ற இடத்தில் குனிந்து, துகள் துகளாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலையை நிமிர்த்தி அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

காரில் ஏறியதும், "வர்ற பூசைக்கு எண்ணெய் மட்டும் விட வேண்டாம்" என்றார்.

நான் கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.