கிளிப் கோப்ரல்

என்னோடு விமானப்படையில் இருந்தவர்கள் கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ என்னைக் கண்டால், பக்கத்தில் நிற்கிறவரிடம் "இவர்தான் எங்கட கிளிப் கோப்ரல்" என்று காட்டிவிட்டு, அந்தக் கதையையும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கதையில் பொய் இல்லை. ஆனால் சிரிப்பு வருகிற இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு அங்கால் என்ன நடந்தது என்று கேட்க ஒருவனுக்கும் பொறுமை கிடையாது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நான் திருகோணமலைப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன். வெள்ளைக்காரன் துறைமுகத்தையும் விமானத்தளத்தையும் எங்களிடம் விட்டுப் போன பிறகு, தளத்தின் மருந்துப் பகுதியில் சேர்ந்தேன். டொக்டர் இல்லை நான். புண்ணுக்கு மருந்து கட்டுவது, ஊசி போடுவது, காய்ச்சலுக்குக் குளிசை கொடுப்பது, அம்புலன்ஸில் கூடப் போவது, இவ்வளவுதான் என் வேலை. கையில் கோப்ரல் பட்டி ஏறியதும் இன்னொன்றும் சேர்ந்தது. ஹெலிகொப்டர் தூர இடத்தில் போய் நின்று வேலை செய்யும்போது டொக்டரும் கூடப் போவதில்லை, நானும் போவதில்லை. பைலட்டும், மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு பிட்டரும் மட்டும்தான் போவார்கள். அங்கே ஆருக்காவது காயம் பட்டால் பிட்டர்தான் கட்டவேண்டும். அதற்காகப் பிட்டர்மாருக்கு முதலுதவி படிப்பிக்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சும்மா சொல்கிறேன். உள்ளுக்குள் எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம் பிடிபடவில்லை.

முதல் வகுப்பிலேயே புளுகம் இறங்கிவிட்டது. எலும்பின் பெயரைச் சொன்னால் கொட்டாவி விட்டார்கள். நரம்பின் பெயரைச் சொன்னால் நகத்துக்குள் இருந்த கிறீஸைத் தோண்டினார்கள். எனக்குக் கோபம் வந்தால் முன்னுக்கு இருப்பவன் அப்பனா ஆண்டவனா என்று பார்க்கமாட்டேன்; வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏச்சுக்கும் அவர்கள் கொட்டாவிதான் விட்டார்கள். பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. இவர்களுக்கு இவர்களுடைய பாஷையில் சொன்னால் என்ன? இதயம் பம்ப். நுரையீரல் காற்று வடிகட்டி. ரத்தக் குழாய் பெற்றோல் குழாய். அப்படிச் சொல்லத் தொடங்கியதும் பிட்டர்மார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களில் கெட்டிக்காரன் கின்னியா ஊர்க்காரன் ஒருவன், கின்னியாப் பிட்டர். கலியாணம் முடித்த புதிது. அவன் இறுக்கிய நட்டு கழன்றதாகச் சரித்திரம் இல்லை என்பார்கள். ஹெலிகொப்டர் என்பது பறக்கிற நேரம் முழுக்க நடுங்குகிற சாமான். எவ்வளவு இறுக்கினாலும் நடுக்கத்தில் திருகாணி கழன்றுவிடும். அதனால் ஆணியின் தலையில் உள்ள ஓட்டைக்குள் மெல்லிய உருக்குக் கம்பியை விட்டு முறுக்கிப் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். லொக் வயர் என்று பெயர். லொக் வயர் போடாத வேலை, வேலையே இல்லை. அது அவர்களுக்கு வேதம்.

ஒருநாள் வகுப்பில் அவனை எழுப்பினேன். "பெற்றோல் குழாயில லீக் வந்தா என்ன செய்வாய்?"

"கிளிப் போட்டு இறுக்குவன் கோப்ரல்." கிளிப் என்றால் ரப்பர்க் குழாயைச் சுற்றிப் போட்டு, திருகாணியால் இறுக்குகிற உருக்குப் பட்டி.

"இறுக்கினாப் போதுமோ?"

"போதா. லொக் வயர் போடணும்."

"அவ்வளவுதான்டாப்பா! கை வெட்டுப்பட்டு ரத்தம் பீச்சி அடிக்கேக்கையும் அதுதான். இறுக்கு, லொக் பண்ணு. மனிசனும் ஒரு மெஷின்தான்!"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி உள்ளே வந்து என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்காகவும் சொல்லிக் கொடுத்தேன் என்பதை இங்கே சொல்லவேண்டும். துணியைச் சுற்றி, தடியைச் செருகி, முறுக்கிக் காட்டினேன். இடைக்கிடை தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் கை செத்துப்போகும் என்றும் சொன்னேன். ஆனால் அவர்கள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அந்த மாரியில் எங்கள் பக்கத்து ஆறான கங்கை பெருக்கெடுத்தது. மூதூர்ப் பக்கம் முழுக்க வெள்ளம், துறையில் ஆள் ஏற்றுகிற பாதை என்ற மிதவை ஓடவில்லை. ஹெலிகொப்டரை அனுப்பினார்கள். மூதூரில் மேடான ஒரு பள்ளிக்கூட வளவில் அது இறங்கியது. அங்கிருந்து அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குப் போய்வரும். பெற்றோல் பீப்பாய்களோடும், மெஷின் திருத்துகிற சாமான் கிடக்கிற ஆயுதப் பெட்டியோடும் அங்கே தங்கி நின்றவன் கின்னியாப் பிட்டர்.

ஹெலிகொப்டர் அரிசியோடு போயிருந்த ஒரு காலைப்பொழுதில் கிளிவெட்டிப் பக்கமிருந்து ஒருவரைத் தோணியில் கொண்டுவந்தார்கள். வயல்காரர். காற்றுக்குப் பிடுங்குப்பட்ட கூரைத் தகரம் வலக்கையில் வெட்டிவிட்டது. முழங்கைக்குக் கீழே நல்ல ஆழம். ரத்தம் பீச்சி அடித்தது. பிட்டர் துணியால் கட்டியிருக்கிறான். துணி நனைந்து வழுக்கியது. பிறகு அவன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். பெட்டியைத் திறந்து, காற்றுக் குழாய்க்குப் போடுகிற பெரிய கிளிப் ஒன்றை எடுத்து, கீழே ரப்பரை வைத்து, காயத்துக்குச் சற்று மேலே போட்டு இறுக்கினான். ரத்தம் நின்றது. நின்ற கையோடு லொக் வயரும் போட்டான்.

மழை இருட்டிக்கொண்டு வந்ததால் ஹெலிகொப்டர் போன இடத்திலேயே நின்றுவிட்டது. பின்னேரம்தான் திரும்பியது. அவ்வளவு நேரமும் வயல்காரர் கை விறைக்குது, கை விறைக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இவன் ஒவ்வொரு தடவையும் குனிந்து லீக் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். இல்லை. வேலை சுத்தம்.

தளத்தில் ஹெலிகொப்டர் இறங்கும்போது அம்புலன்ஸோடு நான் நின்றேன். கதவைத் திறந்து கையைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம். தொட்டால் குளிர். மேலே கிளிப், கம்பி, முறுக்கு, அதன் நுனிகூட ஆருக்கும் குத்தாமல் அழகாக மடித்து விட்டிருந்தது. கத்தரிக்கோலை வைத்தேன். கத்தரிக்கோல்தான் வளைந்தது. "எந்த விசரன்டா இதைப் பூட்டினது!" என்று கத்திக்கொண்டு, விமானம் நிறுத்துகிற ஹேங்கருக்கு ஓடினேன். ஆயுத அறைக்காரன் டோக்கன் கேட்டான். ஒவ்வொரு பிட்டருக்கும் பித்தளை டோக்கன் உண்டு, அதைப் பலகையில் கொழுவிவிட்டுத்தான் ஆயுதம் எடுக்கலாம். மருந்துக்காரனுக்கு ஏது டோக்கன்? அவனைத் தள்ளி விழுத்திவிட்டுக் குறட்டையும் திருகாணி கழற்றுகிற திருப்புளியையும் பறித்துக்கொண்டு ஓடிவந்தேன்.

கம்பியை வெட்டிக் கிளிப்பைத் தளர்த்தியதும் ரத்தம் திரும்பப் பாய்ந்தது. காயத்துக்குள் துணியை அடைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் முழிப்பாகத்தான் இருந்தார்.

"ஐயா, வலக்கை ஐயா. விதைக்கிற கை. வெள்ளம் வத்தினா திரும்ப விதைக்கோணும். அதுக்கிடையில சுகம் வருமோ?"

"ஓம் ஓம், வரும். கதையாதேங்கோ" என்றேன்.

"விரல் கிடக்கோ இல்லையோ எண்டே தெரியேல்ல ஐயா."

"கிடக்கு. கதையாதேங்கோ எண்டெல்லோ சொன்னனான்!" என்று அந்த நிலையிலும் அந்த மனிசனோடு எரிந்து விழுந்தேன்.

சுகம் வரவில்லை. ஆஸ்பத்திரி டொக்டர் சில நாள் வைத்துப் பார்த்தார். பிறகு முழங்கைக்குச் சற்றுக் கீழே கையை எடுத்துவிட்டார். கட்டாமல் விட்டிருந்தால் ஆள் அந்தப் பள்ளிக்கூட வளவிலேயே முடிந்திருப்பார் என்று அவரே சொன்னார். கட்டியது சரி, கட்டிய விதம்தான் பிழை என்றும் சொன்னார்.

வெள்ளம் வற்றிப் பிட்டர் தளத்துக்குத் திரும்பிய அன்று நான் ஹேங்கர் வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். பிட்டர்மார் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

"டேய் மடையா! மனிசன்ட கையெண்டு நினைச்சியோ, உன்ர எஞ்சின் எண்டு நினைச்சியோ? கிளிப் போட்டு லொக் வயரும் போட்டிருக்கிறாய்! உனக்கு ஆர்டா இந்த வேலையைக் காட்டித் தந்தது?"

அவன் நேராக நிமிர்ந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

"நீங்கதானே கோப்ரல் செல்லித் தந்தீங்க. இறுக்கு, லொக் பண்ணு, மனிசனும் ஒரு மெஷின்தான் எண்டு."

பின்னால் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகச் சொல்லி வைத்ததுபோல இருந்தது. காது இரண்டும் கொதித்தன. மருந்துப் பகுதிக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். இந்த இடத்தோடுதான் அவர்கள் கதையை முடிப்பது.

சீ, எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம்கூட என்னுடைய மரியாதை போனதற்கு வந்த வெட்கம்தான். அந்த மனிசனின் கையை நினைத்து வந்த வெட்கம் அதற்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சோற்றைப் பிசையும்போது வந்தது. சட்டைப் பித்தான் போடும்போது வந்தது. அடுத்த வகுப்பில் பகிடி எதுவும் விடாமல் துணி, தடி, முறுக்கு, தளர்த்து என்று கட்டையாகச் சொன்னேன். பாதிப்பேர் நித்திரையானார்கள், ஏச வாய் வரவில்லை.

ஒருநாள் கின்னியாப் பிட்டர் என்னிடம் வந்தான். "கோப்ரல், அந்த ஆளப் பாக்கப் போவமா? நான் ஒருக்காப் போயிட்டுத்தான் வந்த. நீங்களும் வாங்க."

"நான் என்னடா முகத்தோட வாறது?"

"உள்ள முகத்தோட வாங்க" என்றான்.

போனோம். மூதூருக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கிளிவெட்டியில் இறங்கினோம். வழி முழுக்க நான் சொல்லவேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். அண்ணை, பிழை இவனில் இல்லை, நான் பகிடியாகப் படிப்பித்ததுதான் பிழை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

அவர் வயலில் நின்றார். விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விதைநெல் பெட்டியைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு இடக்கையால் விதைத்தார். நெல் விசிறிப் போகவில்லை. ஓரிடத்தில் குவிந்து விழுந்தது, ஓரிடத்தில் விழவேயில்லை. பின்னால் அவருடைய மனைவி குனிந்து குனிந்து, குவிந்ததை அள்ளி வெறும் இடத்தில் தூவிக்கொண்டு வந்தா. எங்களைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டு வரம்பில் ஏறினார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய், இருந்த ஒரேயொரு கதிரையை எனக்குப் போட்டார்கள். பிட்டர் பாயில் இருந்தான். தேத்தண்ணி வந்தது.

"இந்தத் தம்பி இல்லாட்டி இண்டைக்கு நான் இல்லை" என்று பிட்டரைக் காட்டி என்னிடம் சொன்னார் அவர். என்னை அடையாளம் தெரியவில்லை. அம்புலன்ஸில் பார்த்த முகம் மறந்துவிட்டது. "ஐயா ஆர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிட்டர் சொன்னான். "இவர்தான் எனக்குப் படிப்பிச்சவர்."

குத்திக் காட்டினான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையான மரியாதையோடுதான் சொன்னான்.

"அண்ணை, அது..." என்று தொடங்கினேன். "நான் படிப்பிச்சதில ஒரு பிழை..."

"பிழையெண்டா நான் உயிரோட இருப்பனே ஐயா?" என்று அவர் எழும்பிவிட்டார். மனைவியையும் கூப்பிட்டார். "இஞ்ச வா, தம்பிக்குப் படிப்பிச்ச ஐயா இவர்தானாம்."

அந்த மனிசி ஓடிவந்து என் காலைத் தொட்டா. அவர் எனக்கு முன்னால் நின்று கும்பிட்டார். இடக்கையை நெஞ்சுக்கு நேரே தூக்கினார். மற்றப் பக்கத்தில் சட்டைக் கை மட்டும் உயர்ந்து வந்து, பொருந்துவதற்கு ஒன்றும் இல்லாமல், அந்த உள்ளங்கையில் முட்டிக்கொண்டு நின்றது. பாடமாக்கிக்கொண்டு வந்தது ஒன்றும் என் வாயில் வரவில்லை. "இருங்கோ அண்ணை, கையை இறக்குங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவர் இறக்கவில்லை.