மாரீஸ்வரி செய்த கருவி

இன்ஜினியரிங் படித்த பெண்கள் ஏன் தொழில் தொடங்குகிறார்கள் என்று கேட்டால் கனவு, லட்சியம் என்று மேடையில் அளப்பார்கள். வத்திராயிருப்பு மாரீஸ்வரியிடம் கேளுங்கள். வயிற்றெரிச்சல் என்பாள்.

ராஜபாளையத்தில் விசைத்தறிகளுக்கு மின்கருவி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். நூல் அறுந்ததும் தறியைத் தானாக நிறுத்தும் கருவியை ஒற்றையாளாக வடிவமைத்தாள். செட்டியார்பட்டித் தறிக்கூடம் ஒன்றில் அதை முதன்முதலாக ஓட்டிக் காட்டும் நாளில், முதலாளி நவநீதகிருஷ்ணன் அவளைப் பட்டுச்சேலை கட்டி வரச் சொன்னார். எதற்கு? வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் நீட்ட! கருவியை விளக்கும் வேலை விற்பனைக்காரன் பாண்டிதுரைக்கு. அவனுக்கு அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

பூஜை நடந்தது. பாண்டிதுரை பக்தி முற்றிப்போய், நூலைக் கவனிக்கும் சின்னக் கண்ணாடியின் மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தான். சுவிட்சைப் போட்டார்கள். தறி அசையவில்லை.

மாரீஸ்வரி வாசலிலிருந்து தட்டோடு ஓடி வந்தாள். "சார், கண்ணாடியில பொட்டு வச்சிட்டாவ. நூல் அறுந்துட்டுன்னு நெனச்சு நிறுத்திருக்கு. தொடச்சா ஓடிரும்."

"செத்த நேரம் சும்மா இரும்மா. ஆம்பளையாளுக பாக்காவல்ல?" என்றார் முதலாளி.

பார்த்தார்கள், பார்த்தார்கள், வயரைக் கழற்றி மாட்டி மாட்டிப் பார்த்தார்கள். மாரீஸ்வரி பொறுமை போய், தட்டை டொக்கென்று வைத்துவிட்டு முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். தறி ஓடியது. முதலாளி பாண்டிதுரையின் முதுகில் தட்டி, தறிக்காரரிடம் சொன்னார்: "நம்ம பய எப்பிடிச் சரி பண்ணுனான் பாத்தியளா?"

"சார், அதைச் செஞ்சதே நான்தான்," என்றாள் மாரீஸ்வரி.

அவளைத் தனியே இழுத்துப்போய்ச் சிரித்தார். "எனக்குத் தெரியாதாம்மா? பொம்பளப் பிள்ள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்?"

தெரிந்தே செய்திருக்கிறார்! தெரியாமல் செய்திருந்தால்கூட விட்டுத் தொலைத்திருப்பாள்.

மறுநாளே வேலையை விட்டாள். கருவி கம்பெனிக்குச் சொந்தம், அவள் தொட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறை பிடித்து, முதலிலிருந்து வேறொன்றைச் செய்தாள்.

தெரிந்தவர்கள் அவள் பெயரைக் கருவியின் வெளியே ஸ்டிக்கராக ஒட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். ஸ்டிக்கரை உரிக்க எவ்வளவு நேரமாகும்? உள்ளே சர்க்யூட் போர்டில், மின்சாரம் ஓடும் செப்புக் கோட்டையே 'மாரீஸ்வரி' என்று வளைத்து வரைந்திருக்கிறாள். அந்தப் பெயரைச் சுரண்டினால் கருவி செத்துப்போகும்.