நாரத்தை வேரில் நின்ற தோடை

எழுபதுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதிக்கு நான்தான் விவசாயப் போதனாசிரியர். பேனாவைத் திறந்தால் மூடத் தெரியாத வயது. மலைநாட்டிலிருந்து வந்த ஒட்டுத் தோடங்கன்றுகளை, அதாவது ஆரஞ்சுக் கன்றுகளை, ஊர்காவற்றுறையில் படகேற்றி, அனலைதீவில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்தேன். ஒரு மரத்தின் அரும்பை இன்னொன்றின் தண்டில் வைத்துக் கட்டி ஒட்டும் முறையையும் அந்த வீட்டுப் பெண்களுக்குச் செய்து காட்டினேன்.

அடுத்த வருஷம் போனால் ஏழு வீட்டிலும் இலை மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர்ச்சங்கக் கூட்டத்தில் ஏழு பெண்களின் பெயரையும் வாசித்து, இவர்கள் கவனிக்கவில்லை, இனிக் கன்று கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அவர்களில் ஒருவர், விதவை, துறைமுகம் வரை என் பின்னால் வந்தார்.

"ஐயா, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ."

அவர் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். நான் கொடுத்த கன்றிலிருந்து அரும்பெடுத்து, கிணற்றடியில் நின்ற நாரத்தையில் ஒட்டியிருந்தார். அந்தத் தளிர் கரும்பச்சை. ஐந்தடி தள்ளி நின்ற என் கன்றோ செங்கமாரி கண்டு மஞ்சளித்தவனைப் போல வெளிறிக் கிடந்தது.

"ரெண்டுக்கும் ஒரே கிணத்துத் தண்ணி. கடற்கரையிலை ஒதுங்கி அள்ளின ஒரே சாதாளைப் புல்லுத்தான் பசளை."

"இதுக்கு மட்டும் கூடப் போட்டிருப்பீங்கள்."

அவர் இரண்டிலும் இலை கிள்ளி, தனித்தனிக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்; முடிவு வந்தது. பசளை தரும் நைதரசன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பசளையில் அவர் ஓரவஞ்சனை செய்யவில்லை. மஞ்சள் இலையில் இரும்பும் மாங்கனீசும்தான் குறைவு. எங்கள் சுண்ணாம்பு மண்ணிலிருந்து அவற்றை எடுக்க நாரத்தை வேருக்கு முடிந்தது. என் கன்றுகளை ஒட்டியிருந்த மலைநாட்டு அடிக்கட்டையின் வேருக்கு முடியவில்லை. கன்றை வாங்கும்போது அடியில் இருப்பது என்ன கட்டை என்று நான் கேட்கவேயில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த படகில் போனேன்.

"உங்களிலை பிழையில்லை அக்கா. கன்று குடுக்கிற பட்டியலிலை உங்கடை பேரைத் திரும்பச் சேர்த்திட்டன்."

"கூட்டத்திலை சொன்னதைக் கூட்டத்திலைதானே திருத்தவேணும்."

"ஓம், சொல்லுறன்."

"என்ரை பேரை மட்டும் இல்லை ஐயா. மற்ற ஆறு பேரும் இன்னும் வீட்டிலை ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கினம்."

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. என் ஒரு வாசிப்பு ஆறு வீட்டுச் சமையல் குசினிகளுக்குள் போய் அன்றாடக் குத்தலாகியிருந்தது.

கூட்டத்தில் எழுந்து, பிழை கன்றைத் தெரிந்தெடுத்த என்னுடையது என்றேன். இனி நாரத்தையில் ஒட்டுவோம், கன்று வளர்ப்பது இந்த ஏழு பேரும்தான் என்றும் சொல்லி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. கடதாசியை மடிக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"ஐயா, என்ரை பேரை இன்னொருக்கா வாசியுங்கோ. என்ரை மனுசன் இவர் இப்பதான் வந்தவர்."

சத்தமாக வாசித்தேன்.